தொழுகை விடாத மாதங்கள்

அமாரா,
12 அக்டோபர் 1986

நாஹிதா அக்காவுக்கு, உங்கள் தம்பி மனைவி சப்ரியா எழுதிக்கொள்வது. உங்களுக்கும் ரஸாக் அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் சலாம். அல்லாஹ்வின் அருளால் பாக்தாதில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்களைப் பற்றிக் கேட்டால், உங்கள் முகம் காணாத குறை ஒன்றுதான்.

உங்கள் தம்பி ஈரான் போர்முனையில் காணாமல் போய் எட்டு மாதம் முடிந்துவிட்டது. கைதிகள் பட்டியலில் ஃபாலிஹ் என்ற பெயர் வந்திருக்கிறதா என்று அண்ணனை விசாரிக்கச் சொல்லிப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். இனி அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், அக்கா. கேட்டுக்கொண்டே இருந்தால் யாராவது கோப்பைத் திறந்து புரட்டுவார்கள். செய்தி வருவதானால் தானாக வரட்டும்.

உடம்பு மட்டும் கொஞ்சம் படுத்துகிறது. பக்கத்து வீட்டு உம்மு காஸி ஆற்றுமீனைப் பிளந்து நெருப்போரம் நிறுத்திச் சுடுகிறாள். அந்த வாசனை சுவர் தாண்டி வந்தால் குடலே வெளியே வந்துவிடும்போல் இருக்கிறது. தேநீரைக்கூட வாயில் வைக்க முடியவில்லை. நான், தேநீரை! உலர்ந்த எலுமிச்சையை இடித்து உப்போடு நக்கினால்தான் வயிறு அடங்குகிறது. நேற்று தந்தூர் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். ரொட்டி கரிந்து புகை கிளம்பி, உம்மு காஸி ஓடி வந்து, “வீட்டையே கொளுத்தப் பாத்தியேடி!” என்று கத்தினாள். தண்ணீர் சரியில்லையோ என்னவோ. நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை.

பிள்ளைகளை என் பங்குக்கு முத்தமிடுங்கள்.

உங்கள் சப்ரியா


பாக்தாத்,
27 அக்டோபர் 1986

அன்புள்ள சப்ரியா, உனக்கு ஆயிரம் சலாம். உன் கடிதம் வந்த அன்று எனக்கும் பல்வலி. இரண்டையும் சேர்த்து அழுதேன். இப்போது பல்லைப் பிடுங்கியாயிற்று, சுகம்.

‘எங்களைப் பற்றிக் கேட்டால்’ என்று எழுதியிருக்கிறாய். ஒற்றை ஆளுக்கு எங்கிருந்து ‘எங்கள்’ வந்தது? கோழிகளையும் சேர்த்துச் சொன்னாயா? சிரிக்கத்தான் கேட்கிறேன். தனியாக இருப்பவள் இப்படித்தான் ஆகிவிடுவாள். அதனால்தான் இங்கே வந்து இரு என்கிறேன், நீ கேட்பதாயில்லை.

உன் வயிற்றுச் சங்கதியை ரஸாக்கிடம் வாசித்துக் காட்டினேன். மீன் வாசனை, தேநீர், உப்பும் எலுமிச்சையும், உட்கார்ந்த இடத்தில் தூக்கம். “இது ஹைதர் உன் வயித்துல இருந்தப்போ நீ பண்ணின கூத்து மாதிரியே இருக்கே” என்றார். “வாயை மூடுங்க, புருஷன் காணாமப் போன பொண்ணைப் பத்தி என்ன பேச்சு இது?” என்று அதட்டினேன். தம்பி மட்டும் வீட்டில் இருந்திருந்தால் இந்த நேரம் பஸ்ஸேறி வந்து, ஒரு தட்டு பக்லாவா இனிப்பு வாங்காமல் போயிருக்க மாட்டேன். அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காதிமிய்யா தர்காவுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டேன். ஹைதருக்கு மீசை அரும்புகிறது. பிள்ளைக்கு மீசை வந்தால் தாய்க்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். எனக்கோ அதைச் சிரைத்துவிடச் சொல்லத் தோன்றுகிறது. இன்னும் மூன்று வருஷத்தில் அவனுக்கும் படையிலிருந்து தாள் வரும்.

டாக்டரிடம் போ. தயிரும் ரொட்டியும் சாப்பிடு. விடுமுறைக்கு நானே வந்து பார்க்கிறேன். உடனே பதில் போடு.

உன் நாஹிதா


அமாரா,
4 டிசம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு சலாம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னியுங்கள். வயிறு சரியாகிவிட்டது. மீன்கூடச் சாப்பிடுகிறேன். டாக்டரிடம் போகத் தேவைப்படவில்லை.

எங்கள் தெருவில் ஒரு துக்கம். கடைசி வீட்டு மகன் படையிலிருந்து ஓடிவந்து, மொட்டைமாடியில் புறாக்கூண்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தானாம். ஆட்கள் வந்து கொண்டுபோனார்கள். அந்த வாரமே பெட்டி வந்துவிட்டது. சத்தம் போட்டு அழக் கூடாது என்று உத்தரவு. அவன் தாய் தலைத்துணியை வாயில் திணித்துக்கொண்டு அழுததைப் பார்த்தேன். அன்று அவர்கள் ஒவ்வொரு வீடாகத் தேடினார்கள். நம் வாசலிலும் வந்து நின்றார்கள். உம்மு காஸியின் மூத்த மகன் கட்சி அலுவலகத்தில் இருக்கிறான், தெரியுமே. அவள் முன்னால் வந்து, “இது காணாமப் போனவன் வீடு. பாவம், இவ ஒருத்திதான். தொந்தரவு பண்ணாதீங்க” என்றாள். வாசலோடு திரும்பிவிட்டார்கள்.

அவள் நல்லவள்தான். ஆனால் கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறாள். எப்போது வந்தாலும் நான் தொழுகைப் பாயில் இருக்கிறேனாம். “மாசம் முச்சூடும் ஒரு வேளை விடாம தொழறியே, உன் துஆவுக்காவது அவன் திரும்பி வரணும்” என்கிறாள்.

விடுமுறைக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம், அக்கா. பாதையில் சோதனை அதிகம், குளிரும் கடுமை. வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் சப்ரியா


பாக்தாத்,
13 டிசம்பர் 1986

சப்ரியா,

நீ கடைசியாக எப்போது தொழுகை விட்டாய்?

மாதத்தில் சில நாள் பாயைச் சுருட்டி வைக்காத பெண் உண்டா? உனக்கு வயது இருபத்தேழு. அந்த உம்மு காஸி முட்டாள். நான் முட்டாள் இல்லை. மூன்று பெற்றவள். நீ முதல் முறை முழுகாமல் இருந்தபோது, அந்தப் பிள்ளை ஐந்தாம் மாதம் கலைந்து போகும்வரை உன் பக்கத்தில் படுத்திருந்தவள். அப்போதும் நீ எலுமிச்சையைத்தான் நக்கினாய். அப்போதும் தேநீரைக் கண்டால் ஓடினாய்.

பதில் எழுது.

நாஹிதா


அமாரா,
22 டிசம்பர் 1986

அக்காவுக்கு சலாம்.

ஆகஸ்ட் கடைசியில்.

நான் தவறு செய்யவில்லை. இதற்கு மேல் ஒரு சொல்கூட எழுத என்னால் ஆகாது. சொல்ல மனம் இல்லாமல் இல்லை. எழுத முடியாது, அவ்வளவுதான். யார் என்று கேட்காதீர்கள். ரஸாக் அண்ணனிடம் சொல்லாதீர்கள். நாஸிரிய்யாவில் இருக்கும் என் அண்ணன்மாருக்குத் தெரிய வேண்டாம்.

உங்களை விட்டால் எனக்கு யாருமில்லை. நீங்களும் கைவிட்டால் அதையும் சரியென்று ஏற்றுக்கொள்வேன்.

சப்ரியா


பாக்தாத்,
4 ஜனவரி 1987

சப்ரியாவுக்கு,

சலாம் எழுதக் கை வரவில்லை.

பத்து நாளாக உன் கடிதத்தை உள்சட்டையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். மாவு பிசையும்போது சரசரக்கிறது. ரஸாக், “என்ன, உன் மேல காகித வாசனை?” என்கிறார். கடைக் கணக்குத் தாள் என்றேன்.

என் தம்பியை எந்தச் சேற்றில் புதைத்தார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. அவன் உனக்காக எங்கள் அப்பாவோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தவன். பிள்ளை கலைந்து நீ படுத்துக் கிடந்தபோது உன் துணியைத் துவைத்தவன், ஊரெல்லாம் கேலி செய்தும் துவைத்தவன். அவன் போன வருஷமே அவன் படுக்கையில் இன்னொருவனா? ‘தவறு செய்யவில்லை’ என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? வானத்திலிருந்தா விழுந்தது? பலவந்தமா, அதையாவது சொல். பலவந்தமென்றால் அவன் வீட்டு வாசலில் வந்து நின்று அவன் குடலை உருவுகிறேன். இல்லையென்றால் என்ன செய்வேனென்று எனக்கே தெரியவில்லை.

இந்த மாதக் கடைசிக்குள் யாரென்று எழுதாவிட்டால் உன் அண்ணன்மாருக்கு எழுதிவிடுவேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் நான்கு முறை அவர்களுக்கு எழுத உட்கார்ந்து நான்கு முறையும் கிழித்துப்போட்டேன்.

கேஸ் சிலிண்டரைத் தூக்காதே. ஈரல் வாங்கிச் சாப்பிடு. எதற்கு இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நாஹிதா


பாக்தாத்,
28 ஜனவரி 1987

(பஸ் டிரைவர் மனைவி உம்மு சத்தார் கையில் கொடுத்தனுப்புவது. அவளுக்கு எழுத்து தெரியாது. பெண்களைச் சோதிப்பதில்லை என்பதால் மார்பில் வைத்துக் கொண்டுவருகிறாள். படித்த கையோடு அடுப்பில் போடு.)

என் உயிரே, என் கண்ணே சப்ரியா, உன் காலடிக்கு சலாம்.

இதை எழுதக் கூடாதென்று தெரியும். எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். உன் வீட்டில் அன்று உன்னோடு இரண்டு சொல் தனியாகப் பேச முடிந்ததா? அந்த உம்மு காஸி நான் கிளம்பும்வரை எழுந்திருக்கவேயில்லை. உள்ளறையில் நடந்ததை என் வாயால் நீ இன்னும் கேட்கவில்லை. கேள்.

நான் உன் முடியைப் பிடித்து இழுக்கத்தான் வந்தேன். நீ அவளை முற்றத்தில் உட்காரவைத்துத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். நான் உள்ளறைக்குள் போனது எதற்குத் தெரியுமா? எவனாவது விட்டுப்போன சட்டை, சிகரெட், ஏதாவது ஒரு தடயம் கிடைக்குமா என்று பார்க்க. அந்த மெத்தை அடுக்கை இழுத்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. கத்த வாய் திறந்தேன். இன்னொரு கை வாயைப் பொத்தியது.

“அக்கா, நான்தான். கத்தாதே.”

மாவு பூசினாற்போல வெளுத்த முகம். தாடி நெஞ்சுவரை. கண்ணை மட்டும்தான் அடையாளம் தெரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அறைந்தேன். ஓங்கி, கன்னத்தில். ஒரு வருஷமாக அழுத அழுகையெல்லாம் கையில் வந்துவிட்டது.

வெளியிலிருந்து உம்மு காஸி, “என்ன சத்தம்?” என்றாளே.

“கொசு! உங்க ஊர்க் கொசு ஆளையே தூக்கிட்டுப் போவும்போல!” என்று நான் கூவினேன். அவன் சட்டையை வாயில் கடித்துக்கொண்டு சிரித்தான், சப்ரியா. சிரித்தபடியே அழுதான்.

காதோடு வாய் வைத்துச் சொன்னான். படைப்பிரிவில் எல்லோரும் விழுந்துவிட்டார்கள், இவன் காலில் குண்டோடு நாணற்காட்டுக்குள் ஊர்ந்து போனான், சதுப்பு நில மீனவர்கள் படகில் தூக்கிப் போட்டு ஆறு மாதம் வைத்திருந்தார்கள், ஆகஸ்டில் அங்கே தேடல் வந்ததால் உன்னிடம் வந்தான். எல்லாம் சொன்னான்.

“அவளைத் திட்டாதே, அக்கா. நான்தான் குர்ஆன்மேல கைவச்சு சத்தியம் வாங்கினேன். உனக்குத் தெரிஞ்சா நீ அழுவே. நீ அழுதா பாக்தாதுக்கே கேக்கும்” என்றான்.

“இப்ப என்னடா பண்ணப்போறே?” என்றேன்.

“வெளிய வந்துடறேன். நான்தான் அப்பன்னு சொல்லிடறேன். அவ பேரு கெடறதுக்கு நான் சாகலாம்.”

“வெளிய வந்தா அந்த வாரமே அவ விதவை. புள்ள அநாதை. நீ வாயை மூடிட்டு மெத்தைக்குப் பின்னாலயே இரு, மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றேன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். நாற்பது வயதில் நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெருவுக்குச் சொல்லப்போகிறேன். வயதான காலத்தில் வந்த வயிறு, உடம்பு முடியவில்லை, உதவிக்குத் தம்பி மனைவி என்ற உறவில் உன்னை அழைக்கிறேன். நீ ஒரு பழுதில்லாத காரணத்தோடு ஊரைவிட்டு வரலாம். பிள்ளை என் வீட்டில் பிறக்கட்டும், என் பெயரில் பிறக்கட்டும். சின்னப் பெண்கள் இருவரையும் கர்பலாவில் ரஸாக்கின் அக்காவிடம் விட்டுவிடுகிறேன். ஹைதர் வாய் திறக்க மாட்டான். ரஸாக்கிடம்தான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மனுஷன் அலுவலகத்தில் மாட்டியிருக்கும் அதிபர் படத்துக்கு முன்னால் தும்மக்கூடப் பயப்படுகிறவர்.

உன்னைப் பற்றி எழுதிய சொல்லெல்லாம் என் வாய்க்கு மண். என்னை மன்னித்தேன் என்று ஒரு வரி எழுது.

உன் நாஹிதா


அமாரா,
8 பிப்ரவரி 1987

(உம்மு சத்தார் கையில்)

என் அக்காவுக்கு, தாய்க்குச் சமமான அக்காவுக்கு சலாம். உங்கள் கடிதம் சாம்பலாகிவிட்டது. மன்னிக்க என்ன இருக்கிறது? உங்கள் இடத்தில் நான் இருந்தால் கொசுவை வாசலிலேயே அடித்திருப்பேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் கடிதத்தில் மீன் வாசனையையும் எலுமிச்சையையும் நான் தெரியாமல் எழுதவில்லை. நாள் தள்ளிப்போனதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சத்தியம் வாயைக் கட்டிப்போட்டது. நீங்களாகக் கண்டுபிடித்தால் அது என் குற்றமாகாது என்று நினைத்தேன். பிறகு நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று தெரிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது.

எதற்கெல்லாம் பயப்படுகிறேன் தெரியுமா? அவர் இருமினால் நானும் உடனே இருமுகிறேன், வீட்டில் ஒரே இருமல் என்று இருக்கட்டும் என்று. ஒரு தட்டில் இரண்டு பேர் சாப்பிடுகிறோம். போன மாதமும் இந்த மாதமும் ஐந்து ஐந்து நாள் பாயைச் சுருட்டி, உம்மு காஸி கண்ணில் படும்படி கதவோரம் நிறுத்தி வைத்தேன். தொழ வேண்டிய நாளில் பொய்யாகத் தொழாமல் இருந்தேன். அல்லாஹ்விடம் இதற்கு என்ன சொல்வேன்? வாந்தி வந்தபோதெல்லாம் தலையணைக்குள் முகத்தைப் புதைத்தேன். சந்தோஷப்பட வேண்டிய ஒவ்வொரு அடையாளத்தையும் திருடியதுபோல ஒளித்து வைத்தேன்.

ஐந்தாம் மாதம் தாண்டிவிட்டது. போன முறை தாண்டவில்லை. இப்போது நன்றாக அசைகிறது. அவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “இதுக்காவது சத்தம் போடாம இருக்கத் தெரியுதே” என்கிறார்.

நீங்கள் சொன்னதற்குச் சம்மதம். ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். பிள்ளை உங்களை அம்மா என்று கூப்பிடும். என்னை மாமி என்றா கூப்பிடும்?

உங்கள் சப்ரியா


பாக்தாத்,
19 பிப்ரவரி 1987

(தபாலில்)

அன்புள்ள சப்ரியாவுக்கு, சலாம். இங்கே எல்லோரும் நலம். உனக்கு ஒரு செய்தி, சிரிக்கக் கூடாது. இந்த வயதில் எனக்கு ஐந்தாம் மாதம்!

வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். ரஸாக்கிடமே போன வாரம்தான் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷன் சிகரெட்டை வாயில் வைத்தவர் பற்றவைக்கவேயில்லை. எழுந்து ஜன்னலைச் சாத்தினார், மறுபடி உட்கார்ந்தார். பெண்கள் தூங்கப் போகும்வரை அதே சிகரெட்டை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “எத்தனை மாசம்?” என்றார்.

“அஞ்சு.”

“சரி. அஞ்சு” என்றார். அவ்வளவுதான். மறுநாள் அலுவலகத்தில் இனிப்பு கொடுத்துவிட்டு வந்தார். தட்டை இரண்டு முறை கீழே போட்டாராம், சந்தோஷம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்களாம்.

தெருப் பெண்களைக் கேட்காதே. சொன்ன நாளிலிருந்து ஆளாளுக்கு என்னிடம் அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள். “உன் மூக்கு வீங்கினப்பவே எனக்குத் தெரியும்” என்கிறாள் ஒருத்தி. “அக்டோபர்ல தேநீர் வேணாம்னியே, அன்னிக்கே நான் கணக்குப் போட்டேன்” என்கிறாள் இன்னொருத்தி. எனக்குப் பல்வலி இருந்ததடி அப்போது! நானும் தலையாட்டிவிட்டு, மீன் வாசனை வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறேன்.

எனக்கு உடம்பு முடியவில்லை. இரத்தம் குறைவு என்கிறார்கள். நீ வந்து பிரசவம்வரை கூட இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உம்மு காஸியிடம் காட்டிவிட்டு வா.

உன் நாஹிதா


அமாரா,
10 மார்ச் 1987

(உம்மு சத்தார் கையில்)

அக்காவுக்கு சலாம். சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன்.

உங்கள் கடிதத்தை உம்மு காஸிக்கு வாசித்துக் காட்டினேன். வாய்விட்டுச் சிரித்தாள். உடனே, “சாவியை எங்கிட்ட குடுத்துட்டுப் போ. கோழிக்குத் தீனி போடறேன், அப்பப்போ வீட்டைத் திறந்து காத்தாட வைக்கறேன்” என்றாள். அன்று மாலையே கோழிகளையெல்லாம் அவள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். “இனி உங்களுதுதான், நான் எப்ப வருவேனோ” என்றேன். சாவிப் பேச்சை விடவில்லை. கடைசியில் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

அதனால் அவர் போய்விட்டார், அக்கா. அதே மீனவர்களின் படகு வந்தது. விடிவதற்கு முன்னால் என் அபாயாவைப் போர்த்திக்கொண்டு, பெண்ணைப்போல நொண்டி நொண்டி ஆற்றங்கரைக்கு நடந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மாட்டேனென்றுவிட்டார். “தொட்டா போவ மாட்டேன்” என்றார். செய்தி அனுப்ப வழியில்லை, எதிர்பார்க்காதே, நான் உயிரோடு இருந்தா எப்படியாவது தெரியும் என்றார். எப்படித் தெரியும் என்று நான் கேட்பதற்குள் நாணலுக்குள் போய்விட்டது படகு.

ஏழு மாதமாக அவர் மூச்சுச் சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று பயந்தேன். இப்போது வீட்டில் மூச்சுச் சத்தமே இல்லை. இது அதைவிடப் பயமாக இருக்கிறது.

பஸ் நிலையத்துக்கு ஹைதரை அனுப்புங்கள். அபாயாவுக்குள் ஒரு மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வருவேன்; வயிறு தெரியாது.

சப்ரியா


பாக்தாத்,
20 ஆகஸ்ட் 1987

(தபாலில்)

அன்புள்ள சப்ரியாவுக்கு, உன் அக்காவின் சலாம், ரஸாக்கின் சலாம், சின்ன சுந்துஸின் சலாம்.

நீ எனக்குப் பிரசவம் பார்த்து, நாற்பதும் கழித்து ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. ஒரு வரி எழுதவில்லை. வீடு பூட்டியே கிடந்தால் வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள் என்று பிடிவாதமாகப் போனாய். நான் தடுத்திருக்க வேண்டும்.

சுந்துஸ் புட்டிப்பாலுக்கு ஒரு வாரம் பாடாய்ப் படுத்தினாள். என் மார்பில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தேடுவாள், ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் என்னைப் பார்ப்பாள் பார், ஒரு பார்வை. எதிர்வீட்டுக்காரி, “உனக்குப் பால் வத்திப்போச்சா? வயசாயிடுச்சுடி” என்றாள். ஆமாம் என்றேன். இப்போது குடிக்கிறாள், கன்னம் வைத்திருக்கிறது. மருத்துவச்சி எழுதிய தாள் பதிவாகி வந்துவிட்டது. பெயர்களெல்லாம் எழுதியபடியே விழுந்திருக்கின்றன. நேற்று அதே எதிர்வீட்டுக்காரி குழந்தையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “அப்படியே காணாமப் போன உன் தம்பி கண்ணு” என்றாள். நான் குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டேன். “என் ரத்தம்தானே, வேற யாரை உரிச்சு வைக்கும்?” என்றேன்.

உங்கள் பக்கத்து நாணற்காட்டுக்குப் படையினர் தீ வைத்ததாகப் பஸ்ஸில் வந்தவர்கள் சொல்கிறார்கள். மூன்று நாள் வானம் கறுத்துக் கிடந்ததாமே. நாணல் எரிந்தால் மீனெல்லாம் என்ன ஆகும் என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கமில்லை. அங்கே கடைத்தெருவில் மீன் வருகிறதா? அதையாவது எழுது.

நாஹிதா


அமாரா,
6 அக்டோபர் 1987

(தபாலில்)

என் அன்பு அக்காவுக்கு சலாம். ரஸாக் அண்ணனுக்கும் ஹைதருக்கும் சின்னப் பெண்களுக்கும் சலாம். சுந்துஸின் இரண்டு கண்களிலும் என் முத்தம்.

எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுத ஒன்றுமில்லாததுதான். மீன் வரவில்லை, அக்கா. படகுகளும் வரவில்லை. ஆகஸ்ட் முழுக்கச் சாம்பல் பறந்து வந்து கொடியில் காயும் துணியில் படிந்தது. தட்டித் தட்டி எடுத்தேன். இது நாணல்தானா என்று நினைப்பேன், பிறகு நினைக்காமல் இருக்கப் பார்ப்பேன்.

வந்த முதல் வாரம் உடம்புக்கு முடியவில்லை. நெஞ்சில் கட்டிக்கொண்டு காய்ச்சல். முட்டைக்கோஸ் இலை வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன். உம்மு காஸி ஒருநாள் வந்து என் சட்டையின் ஈரத்தைப் பார்த்தாள். தண்ணீர்க் குடம் சாய்ந்துவிட்டது என்றேன். அவள் குடத்தைப் பார்த்தாள். அது காய்ந்து கிடந்தது. என்னைப் பார்த்தாள். பிறகு, “இலையை மாத்தி மாத்தி வையி, சீக்கிரம் வத்திடும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து இரண்டு மாதம் ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. அவள் மகனும் வரவில்லை. அவள் இப்போது கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறாள்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தீக்குப் பிறகு முதல் முறையாகச் சதுப்பு நிலத்துப் பெண்கள் கடைத்தெருவுக்கு எருமைப் பாலாடை கொண்டுவந்தார்கள். நான்கைந்து பேர் இருக்கும். தட்டுகளை முன்னால் வைத்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருத்தி முன்னால் குனிந்தேன். முன்பின் பார்த்தறியாத முகம். மோவாயில் பச்சை குத்தியிருந்தாள், கைகளில் தீக்காயம் ஆறிக்கொண்டிருந்தது. பாலாடையை இலையில் வெட்டி வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. கத்தியைத் துடைத்துக்கொண்டே மெல்லக் கேட்டாள்:

“ஆணா, பொண்ணா?”

உங்கள் குழந்தையைப் பற்றித்தான் கேட்டாள், அக்கா. உங்களுக்குக் குழந்தை பிறந்த செய்தியை அவளுக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அவள் உங்களைப் பார்த்ததில்லை. பாக்தாதையும் பார்த்திருக்க மாட்டாள். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் பேரம் பேசிக்கொண்டிருந்தார். இலை என் கையில் சாய்ந்து, பாலாடை வழிந்து அபாயாவில் சொட்டியது. அவள் என் கையைப் பிடித்து இலையை நேராக நிறுத்தினாள். விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள், நான் சொல்லும்வரை.

“பொண்ணு” என்றேன். “நல்லா இருக்கு. கண்ணு ரெண்டும் அவங்க மாமன் கண்ணாம்.”

உங்கள் சப்ரியா